அயலூர் ஆசானும் உள்ளூர் ஆசிரியரும்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் சில சனி, ஞாயிற்றுக்கிழமைகளில், மதுரை, திருநெல்வேலி, சேலம், கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலுள்ள கணினிப் பரீட்சை மையங்களின் வாயிலில், ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கையில் ஏந்தியவர்களாய், ஒருவரையொருவர் முன்பின் அறியாத பல கல்லூரிகளின் மாணவர்களும் மாணவியரும் வரிசையில் நிற்பதைக் காணலாம். அவர்களுள் ஒருவருக்குப் பாடம் சொன்னவர் கரக்பூரில் இருக்கும் பேராசிரியராக இருப்பார். அடுத்து நிற்பவருக்குக் கற்பித்தவர் கான்பூரிலோ ரூர்க்கியிலோ இருப்பார். அந்தப் பேராசிரியர்களை இம்மாணவர்கள் நேரிலே ஒரு முறையேனும் கண்டவர்கள் அல்லர். ஆயினும், அன்றைய மூன்று மணி நேரத்தில் அவர்கள் பெறப்போகும் மதிப்பெண், அவர்கள் நாள்தோறும் பஸ் ஏறிச் சென்று படிக்கும் சொந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில், அங்கேயே நடத்தப்பெற்ற பாடத்தின் மதிப்பெண்ணுக்குச் சற்றும் குறையாத தகுதியோடு இடம்பெறக் கூடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால், பல்கலைக்கழகப் பதிவாளர்களில் பெரும்பாலோர் அதனை நம்பியிருக்கமாட்டார்கள்.

கல்லூரிகள் தம்முள் கூடிப் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டின் பெயர் என்பிடெல் என்பதையும், அதனையும் உள்ளடக்கிய பெரிய தளத்தின் பெயர் ஸ்வயம் என்பதையும் இன்று கல்லூரி மாணவர் உள்ள வீடுகளில் அநேகர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால், அது எவ்வாறு தோன்றியது, எந்த ஆதாரத்தின்மீது நிற்கிறது, எங்கே அது பயன் தருகிறது, எங்கே தவறிப் போகிறது என்ற விஷயங்கள் பெற்றோருக்கும், ஏன், சில சமயங்களில் அந்தப் பரீட்சையை எழுதும் மாணவர்களுக்குமேகூடத் தெளிவாகத் தெரிவதில்லை. தம் பிள்ளைகளின் படிப்பில் சிரத்தையுள்ள எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது முதல், அக்கல்லூரிகள் மாவட்டந்தோறும் பெருகின என்பதை யாவரும் அறிவர். மற்ற மாநிலங்களிலும் சிறிது முன்னும் பின்னுமாக இதுவே நிகழ்ந்தது. கட்டடம் எழுப்பப் பணம் இருந்தால் போதும்; ஆய்வுக்கூடத்துக்கு இயந்திரங்கள் வாங்கவும் பணம் இருந்தால் போதும்; ஆனால் வெப்ப இயக்கவியலையோ சமிக்ஞைக் கோட்பாட்டையோ ஐயந்திரிபறக் கற்பிக்க வல்ல ஓர் ஆசிரியரை உருவாக்குவதற்குப் பணத்தோடு பதினைந்து இருபது ஆண்டுகளும் வேண்டும். தொண்ணூறுகளில் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்தோங்கியபோது, ஆசிரியத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடிய திறமைசாலிகள் பலர், மும்மடங்கு சம்பளம் தரும் அவ்விடங்களை நாடிச் சென்றது இயல்பேயாகும். ஆகவே, நேற்றுப் பட்டம் பெற்றவர் இன்று வகுப்பிலே நின்று, தாம் அரைகுறையாகப் புரிந்துகொண்ட பாடத்தை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல நேர்ந்தது. இதில் அந்த இளம் ஆசிரியரைக் குறைகூறுவதில் நியாயம் இல்லை. அவருக்கும் ஒரு நல்ல ஆசான் தேவைப்பட்டார் என்பதே உண்மை.

இந்த நிலைமைக்குப் பரிகாரம் காண வேண்டும் என்ற எண்ணம் 1999-ஆம் ஆண்டில் உருவாயிற்று. பம்பாய், டெல்லி, கான்பூர், கரக்பூர், சென்னை, குவஹாட்டி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.களும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒன்றுகூடி, தத்தம் பேராசிரியர்களின் வகுப்புகளை நாடு முழுவதற்கும் பொதுவாக்குவதென்று வகுத்த திட்டத்துக்கு, மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2003-ஆம் ஆண்டில் 20.47 கோடி ரூபாய் அளித்தது. சென்னை ஐ.ஐ.டி. அதன் ஒருங்கிணைப்பு நிலையமாயிற்று. 2001 முதல் 2011 வரை அந்த ஸ்தாபனத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் எம். எஸ். ஆனந்த் இம்முயற்சியை முன்னின்று நடத்தினார். சிவில், இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல், கணினியியல் என்னும் ஐந்து துறைகளில் முதலில் பாடங்கள் தயாராயின. அவற்றை வகுத்தவர்கள், தங்கள் வகுப்பறையில் எது நடக்கிறதோ அதை அப்படியே படம்பிடித்து அனுப்பிவிடவில்லை. நாட்டின் இணைப்புக் கல்லூரிகளில் எந்தப் பாடத்திட்டம் வழக்கில் இருக்கிறதோ அதனைக் கருத்திற்கொண்டே தலைப்புகளை அமைத்தார்கள். பெரிய ஸ்தாபனங்கள் சிறியவற்றுக்கு உதவப் புகும்போது இந்தப் பணிவு பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை; ஆதலால் இதனைக் குறிப்பிட்டுச் சொல்லத் தோன்றுகிறது.

இணையம் அன்று ஆமைவேகத்தில் இயங்கிய காலம். ஆகையால் விரிவுரைகள் ஏகலவ்யா என்னும் தொலைக்காட்சி அலைவரிசையில் ஒளிபரப்பாயின. ஹார்டு டிஸ்க்குகளில் பதிந்தும் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டன. நூலகத்தின் ஒரு மூலையில் இருந்த கணினியில் அவற்றை ஏற்றிவைத்து, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர் நால்வர் ஐவர் கூடி அமர்ந்து பார்ப்பார்கள். பிறகு யூடியூப் வந்தது. விரிவுரைகள் அதில் ஏறின. கட்டணமின்றி எவரும், எந்த நேரத்திலும் கேட்கலாம் என்றாயிற்று. அதனால் மிகுதியாகப் பயன்பெற்றவர்கள் மாணவர்களைவிட ஆசிரியர்களே என்று சொல்லுவது மிகையாகாது. மறுநாள் வகுப்பெடுக்க வேண்டிய பாடத்தை முன்னிரவில் அனுபவம் மிக்க ஒரு பேராசிரியர் சொல்லக் கேட்டுத் தெளிந்து, அந்தத் தெளிவோடு கரும்பலகையின் முன் நின்ற இளம் ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர்.

இருந்தபோதிலும், அக்காலத்து ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. விரிவுரை இருந்தது, விரிவுரையைக் கேட்டவர் அதனைக் கற்றாரா என்று சோதிக்கும் வழி இல்லை. இது புதிய குறையும் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தொலைக்காட்சியில் நாடு தழுவிய வகுப்பறையைத் தொடங்கியது. அதற்கென மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஊடக மையங்கள் அமைந்து நல்ல படங்கள் தயாராயின. ஆயினும், பார்த்தவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தால் யாரிடம் கேட்பது, பார்த்ததற்கு அத்தாட்சி யாது, அதனால் பட்டப்படிப்பில் என்ன அனுகூலம் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமையால், கல்லூரிகள் அதனைத் தங்கள் காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒளிபரப்பு வீடுகளை அடைந்தது. கல்லூரிகளின் கால அட்டவணையில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தைப் பெறுவதற்கான முதல் அடி 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எடுத்துவைக்கப்பட்டது. அப்போதுதான் என்பிடெல், விரிவுரைகளைச் சேமித்துவைக்கும் களஞ்சியமாக மட்டும் இல்லாமல், குறித்த தேதியில் தொடங்கிக் குறித்த தேதியில் முடியும் பாடங்களைப் பரீட்சையோடும் சான்றிதழோடும் நடத்தத் தலைப்பட்டது. நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுக்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு, என்பது வழக்கமாயிற்று. வாரந்தோறும் விரிவுரைகள் வெளியாகும். வாரந்தோறும் ஓர் அசைன்மென்ட் உண்டு. அதற்குக் கெடு உண்டு. சந்தேகங்களை எழுதிக் கேட்டால் பேராசிரியரோ அவருடைய உதவியாளரோ விடை எழுதுவார்கள். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண். மையத்துக்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் பரீட்சைக்கு 75. இவ்விரண்டில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றால்தான் சான்றிதழ் கிட்டும். அசைன்மென்ட்டுக்கு 10, பரீட்சைக்கு 30. பாடத்தைக் கற்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. பரீட்சைக்கு மட்டுமே கட்டணம். மேற்குறித்த நேரடிப் பரீட்சை என்னும் ஒரு நிபந்தனைதான் இந்தச் சான்றிதழுக்கு மரியாதையைத் தேடிக் கொடுத்தது. வீட்டிலிருந்தே எவரோ எழுதி அனுப்பிவிட முடியும் என்றிருந்தால், எந்தக் கல்லூரியும் அதனைத் தன் பட்டியலில் ஏற்றியிராது.

பின்னர், 2017-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஸ்வயம் தளத்தைத் தொடங்கிவைத்தார். பொறியியலோடு நில்லாமல் கலை, விஞ்ஞானம், வணிகம், சட்டம், பள்ளிப்பாடம் முதலிய யாவும் அதிலே இடம்பெற்றன. இணைய வசதி எட்டாதவர்களுக்காக ஸ்வயம் பிரபா என்ற பெயரில் 32 டி.டி.எச். அலைவரிசைகளும் அதே நாளில் தொடங்கின. இவையெல்லாம் விழாவிலே அறிவிக்கப்படும் செய்திகள். ஆனால் இதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2016-இல், பல்கலைக்கழக மானியக் குழு சத்தமின்றி வெளியிட்ட ஒரு விதித்தொகுப்பையே நான் இந்த வரலாற்றின் உயிர்நிலையாகக் கருதுகிறேன்.

அந்த விதி சொல்லுவது இதுதான். பாடத்தை நடத்துவது ஒரு நிறுவனம். மாணவர் சேர்ந்து படிப்பது வேறொரு நிறுவனம். முன்னது பரீட்சை நடத்தி மதிப்பெண் வழங்கினால், பின்னது அதனை ஏற்றுத் தன் மாணவரின் கணக்கில் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்க்க மறுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இல்லை. ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 20 சதவீதம் வரை இவ்வழியில் பெறலாம் என்று 2016-இல் இருந்த எல்லை, 2021-இல் 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எந்தெந்தப் பாடங்களை ஏற்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, அந்தந்தக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவினிடம் விடப்பட்டது.

இதன் மகத்துவத்தை உணர வேண்டுமானால், நம் பல்கலைக்கழகங்களின் பழைய சம்பிரதாயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு படித்த மாணவர், தந்தைக்கு மாற்றல் உத்தரவு வந்தமையால் வேறொரு மாநிலத்துக்குச் செல்ல நேர்ந்தால், தாம் தேறிய பாடங்களுக்கெல்லாம் இணைத்தன்மைச் சான்றிதழ் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைவார். முடிவில் மீண்டும் முதலாண்டிலேயே சேர வேண்டியதாகும். 'எங்கள் மாணவனுக்கு நாங்கள் சொன்னதே பாடம், நாங்கள் இட்டதே மதிப்பெண்' என்னும் இந்த வைராக்கியம், தரத்தைக் காக்கும் நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், காலப்போக்கில் மதிற்சுவராகி நின்றது. பர்மாவிலே ஒரு நகரத்தார் கடையில் எழுதிக் கொடுத்த உண்டியலைத் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ நீட்டினால் மறுபேச்சின்றிப் பணம் கிடைத்ததற்குக் காரணம், எழுதியவரின் கையெழுத்தின்மீது கொடுப்பவருக்கு இருந்த நம்பிக்கை அல்லவா? கரக்பூர்ப் பேராசிரியர் இட்ட மதிப்பெண்ணைக் கயத்தாற்றுக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுவதும் அத்தகைய நம்பிக்கையின் பேரில்தான். காமிராவும் இணையமும் அதற்கு வழி அமைத்தன என்பது மெய்யே. எனினும், கல்லூரிகள் உண்மையில் தம்முள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியது படக்காட்சிகளை அன்று, ஒருவர் மதிப்பீட்டின்மீது மற்றவர் வைக்கும் நம்பிக்கையையே.

நம்பிக்கை ஒரு பக்கம் மாத்திரம் இருந்தால் காரியம் நடவாது. என்பிடெலோடு சேர விரும்பும் கல்லூரி 'லோக்கல் சாப்டர்' என்ற பெயரில் பதிவு செய்துகொள்ளுகிறது. இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான கல்லூரிகள் அவ்வாறு பதிவு செய்திருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்கிறது. 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் கான்டாக்ட்' என்பதன் சுருக்கமான எஸ்.பி.ஓ.சி. என்ற நான்கெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்பாக்' என்று மாணவர்கள் அவரை அழைக்கிறார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் வருகிறது, அது கல்லூரிப் பாடத்திட்டத்தின் எந்தத் தாளுக்கு ஈடாகும், கல்விக் குழுவின் அனுமதி கிடைத்ததா, யார் யார் சேர்ந்தார்கள், யார் மூன்றாம் வாரத்தோடு நின்றுபோனார்கள், பரீட்சைக் கட்டணம் செலுத்தக் கெடு எந்நாள், எந்த மையம் ஒதுக்கப்பட்டது, மதிப்பெண் வந்தபின் அது பல்கலைக்கழகக் கணக்கில் ஏறியதா என்று இத்தனையும் அவர் தலைமேல் விழுகின்றன. அவரைத் தவிர, பாடத்திலே துணைநிற்க 'மென்டார்' என்று தனியே ஓர் ஆசிரியர் இருப்பதும் உண்டு. விதித்தொகுப்பே இதனை வற்புறுத்துகிறது: மாணவரின் சொந்தக் கல்லூரி, பாடம் முழுவதும் அவருக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும், ஆய்வுக்கூடம், கணினி, நூலகம் ஆகியவற்றைப் போதிய அளவில் கட்டணமின்றித் தர வேண்டும், செய்முறைப் பயிற்சி இருப்பின் அதனை அங்கேயே நடத்த வேண்டும்.

இந்த நிபந்தனையைப் படிப்பவர்கள் சாதாரண நிர்வாக விஷயமென்று கடந்துபோகக் கூடும். நானோ இதிலேதான் ஏற்பாட்டின் வெற்றி தோல்வி முழுவதும் அடங்கியிருப்பதாகக் கருதுகிறேன். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியிருக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலே படித்தவள்; வங்காள உச்சரிப்போ இந்தி உச்சரிப்போ கலந்த ஆங்கிலத்தில் விரைந்து செல்லும் விரிவுரையின் முதல் வாரத்திலேயே திகைத்துப் போவாள். தமிழ் எழுத்திலே வசன வரிகள் பல பாடங்களுக்கு இப்போது கிடைக்கின்றன. அதனை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் 'இந்தச் சமன்பாட்டிலிருந்து அடுத்த சமன்பாடு எப்படி வந்தது?' என்று அவள் தடுமாறும்போது, வசன வரி அவளுக்கு விடை சொல்லாது. எழுதிக் கேட்கலாம் என்றால், நாடெங்குமுள்ள பல்லாயிரம் மாணவர் பார்க்கும் இடத்தில் பிழையான ஆங்கிலத்தில் எழுதக் கூசுவாள். அச்சமயத்தில், மாலை நான்கு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் மேசையருகே, 'எங்கே நின்றுவிட்டாய் அம்மா, காட்டு' என்று கேட்கும் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருந்துவிட்டால், அவள் பன்னிரண்டு வாரத்தையும் கடந்துவிடுவாள். அவர் இல்லையேல், கரக்பூர்ப் பேராசிரியர் எவ்வளவு பெரிய மேதையாயினும் அவளுக்கு எட்டாதவராகவே நின்றுவிடுவார்.

கவலைக்குரிய ஒரு விஷயத்தையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் ஸ்வயம் பாடங்களைக் கல்லூரி ஏற்கலாம் என்று கூறும்போது, தக்க ஆசிரியர் கிடைக்காத நிலையை விதித்தொகுப்பு ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளுகிறது. மாணவர் விரும்பும் விருப்பப் பாடம் கல்லூரியில் இல்லாமற்போவது மற்றொரு காரணம். நடக்கும் பாடத்துக்குத் துணையாக அமைவது பிறிதொரு காரணம். பின்னைய இரண்டும் மிகவும் நல்லவை. சிறிய கல்லூரியில் நான்கு மாணவர் மாத்திரம் விரும்பும் ஒரு நுட்பமான பாடத்துக்குத் தனியே ஆசிரியரை வைத்துக்கொள்ள இயலாது. அந்த நால்வருக்கு நாட்டின் மிகச் சிறந்த ஆசான் கிடைப்பது பெரும் பேறே. ஆனால் முதலிற் சொன்ன காரணத்தை ஆதாரமாகக் கொண்டு, காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பாமலே விட்டுவிட்டு, 'எங்கள் மாணவர்கள் ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் படிக்கிறார்கள்' என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஆசை நிர்வாகங்களுக்கு எழாது என்று யார் உறுதி கூற முடியும்? பெற்றோர் செலுத்தும் கட்டணம் அப்படியே இருக்கிறது. கற்பிப்பவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் மாத்திரம் மிச்சமாகிறது. பகிர்வு என்ற நல்ல பெயரின் கீழ் இது நடக்குமானால், ஆசிரியர் பஞ்சத்தைத் தீர்ப்பதற்குப் பிறந்த திட்டமே அந்தப் பஞ்சத்தை நிரந்தரமாக்கிவிடும். அனுமதி வழங்கும் அமைப்புகள், எத்தனை ஸ்வயம் சான்றிதழ் என்று கேட்பதோடு நில்லாமல், அந்தப் பாடங்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர் யார், அவருடைய பணிநேரத்தில் அதற்கு எத்தனை மணி ஒதுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் பொறுப்பாசிரியரின் இந்த உழைப்பு, அவருடைய வழக்கமான வகுப்புகளுக்கு மேல் ஏற்றப்படும் சுமையாகவே இருக்கிறது.

சான்றிதழ்களின் எண்ணிக்கையைக் கல்லூரியின் பெருமைக்கு அளவுகோலாக்கியதால் விளைந்த தீங்கு மற்றொன்று. விருப்பம் உண்டோ இல்லையோ, வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தில் பதிவு செய்ய நிர்ப்பந்திக்கப்படும் இடங்களில், வாரந்தோறும் அசைன்மென்ட் விடைகள் இணையத்தில் எங்கோ வெளியாகி, செல்போன் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகின்றன. நூற்றுக்கு 25 மதிப்பெண் அவ்வாறு வந்துவிடும். மையத்தில் எழுதும் பரீட்சையில் உண்மை வெளிப்பட்டுவிடும். இதனால் நஷ்டப்படுபவர் மாணவரே. பன்னிரண்டு வார காலம் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது.

வெளிநாடுகளில் நிகழ்ந்ததையும் சிறிது பார்ப்பது நலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளைப் பொதுவாக்கப்போவதாக 2001-இல் அறிவித்தபோது உலகம் வியந்தது. 2012-இல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் கூடி எட்எக்ஸ் என்னும் தளத்தை இலாப நோக்கமற்ற ஸ்தாபனமாக நிறுவின. வேறு பல பல்கலைக்கழகங்கள் அதில் பாடங்களை அளித்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021-இல், அந்தத் தளம் 80 கோடி டாலருக்கு டூயூ என்னும் வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனமோ 2024-இல் கடன் சுமையால் திவால் பாதுகாப்பை நாட வேண்டியதாயிற்று. பல பல்கலைக்கழகங்களின் உழைப்பால் வளர்ந்த ஒரு பொது மன்றம் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது, அதிலே பாடம் அளித்தவர்களும் படித்தவர்களும் அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் ஸ்வயம் தளம் மக்கள் வரிப்பணத்தில் நிற்கிறது. ஆதலால் அரசாங்க காரியங்களுக்கு இயல்பான தாமதங்கள் அதற்கும் உண்டு. ஆயினும் அது நாளையே விலைபோய்விடாது என்பது சிறிய ஆறுதல் அன்று.

இலங்கையில் வேறொரு விதமான ஒத்துழைப்பைக் காண்கிறோம். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் உட்பட அந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக 'லேர்ன்' என்றொரு வலையமைப்பு நெடுங்காலமாக உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பேராசிரியர்கள் தத்தம் வீடுகளிலிருந்து வகுப்பு நடத்துவதற்கு அந்த வலையமைப்பே வழிசெய்தது. அதன் வழியாக நடக்கும் வகுப்புகளுக்கு டேட்டா கட்டணம் வாங்குவதில்லை என்று தொலைபேசி நிறுவனங்களும் இசைந்தன. அங்கே பகிரப்பட்டது பாடம் அன்று, பாதையே. எனினும், மட்டக்களப்பிலே கைத்தொலைபேசியை மாத்திரம் நம்பியிருந்த ஏழை மாணவருக்கு, அந்தக் கட்டண விலக்கு இல்லாவிட்டால் எத்துணைச் சிறந்த விரிவுரையும் கிட்டியிராது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதனைக் கவனிக்க வேண்டும். பாடம் இலவசம் என்கிறோம். பாடத்தைப் பார்க்கும் செலவை மாணவர் தலையில் விட்டுவிடுகிறோம். விடுதி மாணவருக்கும் பஸ் ஏறி வரும் மாணவருக்கும் கல்லூரி வளாகத்திலேயே, வகுப்பு முடிந்த பின்னர் இரண்டு மணி நேரமாவது, கணினிக்கூடம் திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் என் மனத்தை உறுத்துகிறது. இப்போதைய ஏற்பாட்டில் பாடம் பெரும்பாலும் ஒரு திசையிலேயே பாய்கிறது; பெரிய ஸ்தாபனம் கொடுக்கிறது, சிறிய கல்லூரி வாங்கிக்கொள்ளுகிறது. கலை, அறிவியல் பாடங்களில் நிலைமை இவ்வளவு ஒருதலையாக இல்லை. பல்கலைக்கழக ஊடக மையங்களின் உதவியோடு நம் ஆசிரியர்களும் ஸ்வயத்தில் பாடம் அமைத்திருக்கிறார்கள். ஆனால் மாவட்டக் கல்லூரிகளிலே, வேறெங்கும் கிடைக்காத அனுபவத்தோடு இருக்கும் ஆசிரியர்களை நாம் இன்னும் தேடிச் செல்லவில்லை. சிவகாசியில் அச்சுத் தொழிலின் அருகிலேயே இருந்து அச்சு நுட்பம் கற்பிப்பவர், திருப்பூரிலே பின்னலாடை ஆலைகளோடு பழகிய நெசவு நுட்ப ஆசிரியர், தூத்துக்குடியில் உப்பளமும் மீன்பிடியும் அறிந்த கடலியல் ஆசிரியர் என்று எண்ணிக்கொண்டே போகலாம். அண்டை அயலிலுள்ள ஐந்தாறு கல்லூரிகள் கூடி, தத்தமக்குச் சிறப்பாய் அமைந்த ஒரு பாடத்தை மற்றவற்றுக்கு நடத்தி, ஒன்றன் மதிப்பெண்ணை மற்றொன்று ஏற்றுக்கொள்ளுமானால், மாணவர் வாரம் ஒரு முறை நேரிலேயே சென்று அந்த ஆசிரியரைக் காணவும் முடியும், ஐ.ஐ.டி. விரிவுரையால் தர இயலாத நன்மை அது. மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளும் கோவைப் பக்கத்துக் கல்லூரிகளும் இதனை மேற்கொள்ளுவதற்கு வேண்டிய கணினிகளும் இணைப்பும் இன்று பெரும்பாலும் உள்ளன. முதல்வர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தங்கள் பாடத்திட்டங்களை ஒத்துப்பார்ப்பதே எஞ்சியுள்ள பூர்வாங்க வேலை.

வீட்டில் கல்லூரி மாணவர் உள்ளவர்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டியவை சில. ஒரு ஸ்வயம் பாடத்தில் சேருவதற்கு முன்னரே, அதனை எந்தத் தாளுக்குப் பதிலாகக் கல்லூரி ஏற்கும் என்பதற்குக் கல்விக் குழுவின் எழுத்துமூலமான அனுமதி உண்டா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டறிய வேண்டும். பாடம் முடிந்த பின் கேட்டால் பயன் இராது. விருப்பப் பாடத்துக்குப் பதிலாக எத்தனை ஸ்வயம் பாடங்களை ஏற்பது என்ற வரையறை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் பொறுத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளிலும் இவ்வகை அனுமதி உண்டு. பாடத்தில் சேர்ந்துவிட்டதாலேயே பரீட்சைக்குப் பதிவு ஆகிவிடுவதில்லை. அதற்குத் தனியே விண்ணப்பித்துக் கெடுவுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதை அறியாமல், பன்னிரண்டு வாரமும் ஒழுங்காகப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதமுடியாமற்போன மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அக்கட்டணத்தில் சலுகை உண்டு. சான்றுகளை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். ஜனவரிப் பருவத்துக்கும் ஜூலைப் பருவத்துக்கும் உரிய பாடப் பட்டியல்கள் முன்கூட்டியே தளத்தில் வெளியாகின்றன. அவற்றுள் எது வேண்டும் என்பதை, வகுப்பு முழுவதற்கும் கல்லூரி ஒன்றைக் குறிக்கும் வரை காத்திராமல், மாணவரே தம் ஆசிரியரோடு அமர்ந்து பார்த்துத் தெரிந்தெடுப்பது நல்லது.